பேக்கேஜ் ஆவணங்களுக்கு எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் திறமூல மென்பொருள் குழுவிடம் நூற்றுச் சொச்சம் பேக்கேஜ்கள் இருக்கின்றன, அவற்றின் ஆவணங்களை எல்லாம் ஒரே இடத்தில் வைக்க ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுக்கப் போகிறீர்கள், 4 ஜிபி மெமரி போதுமா, 8 ஜிபி வேண்டுமா?

இதே வேலையை ஒரு தன்னார்வக் குழுவுக்காக ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆவணங்களைக் காட்டுவதற்கு மட்டும் என்றால் 1 ஜிபியே தாராளம். தயாராக இருக்கும் எச்டிஎம்எல் கோப்பை எடுத்துக் கொடுப்பது இன்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் மென்பொருளுக்கு ஒரு வேலையே இல்லை. மெமரியைத் தின்பது அந்த எச்டிஎம்எல்லை உருவாக்கும் வேலைதான். அதனால் 4-ஆ 8-ஆ என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் இந்த இரண்டு வேலையையும் ஒரே சர்வரில் போடாதீர்கள்.

நாங்கள் போட்டோம். 2 ஜிபி சர்வர், மெமரி போதாதபோது டிஸ்கைக் கடன் வாங்கும் ஸ்வாப் கிடையாது. யாராவது புதுப் பதிப்பு வெளியிட்டால் சர்வரே மூலநிரலை இறக்கி, ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவியை ஓட்டி, பக்கங்களை உருவாக்கி, தானே வெளியிட்டுக்கொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று ஸ்ஃபிங்ஸை நான்கு பிராசஸாகப் பிரித்து ஓட விட்டிருந்தேன். ஒரு நாள் பெரிய பேக்கேஜ் ஒன்று வந்தது, மெமரி தீர்ந்தது, மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு பிராசஸைக் கொல்லும் லினக்ஸ் கர்னலின் ஓஓஎம் கில்லர் எழுந்தது. அது கொன்றது ஸ்ஃபிங்ஸை அல்ல, அதே சர்வரில் வழு அறிக்கைகளுக்காக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை. நான்கு ஸ்ஃபிங்ஸும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னவை, டேட்டாபேஸ்தான் ஒற்றை ஆளாகப் பெருத்திருந்தது. ஓஓஎம் கில்லர் தப்பு யார் மேல் என்று விசாரிக்காது, பெரும்பாலும் யாரிடம் மெமரி அதிகம் என்றுதான் பார்க்கும்.

மெமரியை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, நிறையப் பேர் அதை யோசிப்பதே இல்லை. ஸ்ஃபிங்ஸின் கான்ஃப்.பை வெறும் அமைப்புக் கோப்பு அல்ல, முழுப் பைத்தான் நிரல். நிரலிலிருந்தே விளக்கங்களை எடுக்கும் ஆட்டோடாக் நீட்சியைப் போட்டிருந்தால் பேக்கேஜையே இம்போர்ட் செய்துதான் விளக்கங்களை எடுக்கும். அதாவது ஆவணம் உருவாக்குவது என்றால் யாரோ எழுதிய நிரலை உங்கள் சர்வரில் ஓட்டுவது என்று பொருள். நூறு பேக்கேஜில் ஒருவருடைய கடவுச்சொல் திருடு போனாலும் போதும், சர்வர் மொத்தமும் போயிற்று. ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் களஞ்சியத்தில் வெளியாகும் ஒவ்வொரு பதிப்புக்கும் டாக்ஸ்.ஆர்எஸ் தளம் தானாகவே ஆவணம் உருவாக்குகிறது. ஆனால் அந்த வேலை இணைய இணைப்பு இல்லாத தனிக் கூண்டுக்குள், மெமரிக்கும் நேரத்துக்கும் வரம்பு வைத்துத்தான் நடக்கிறது. அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகளைத் தானாக ஓட்டும் அதே சிஐ அமைப்பிலேயே ஆவணத்தையும் உருவாக்கி, முடிந்த கோப்புகளை மட்டும் ஆர்சின்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவி வழியாக சர்வருக்கு அனுப்பினால் போதும். அதற்கு சிஐ-யிடம் கொடுக்கும் எஸ்எஸ்எச் சாவி அந்த ஒரு கோப்புறையில் எழுதுவதைத் தவிர வேறு எதற்கும் பயன்படாதபடி கட்டிப் போட்டுவிடுங்கள்.

சரி, மெமரி கதை முடிந்தது. அடுத்து என் தூக்கத்தைக் கெடுத்தது டிஸ்க், அதுவும் நான் எதிர்பார்க்காத விதத்தில்.

ஒரு பதிப்பை ஏற்றும்போது டிஸ்கில் இடமில்லை என்று பிழை வந்தது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் 40 சதவீதம் காலி. மறுபடி ஏற்றினேன், அதே பிழை. பழைய லாக் கோப்புகளில் பெரியதாகப் பார்த்து இரண்டு ஜிபி அழித்தேன், அப்போதும் அதே பிழை. அரை மணி நேரம் கழித்துத்தான் ஐனோட் (ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைத்திருக்கும் பதிவு) கணக்கைப் பார்க்கத் தோன்றியது, அது 100 சதவீதத்தில் நின்றது. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை உருவாகும்போதே எத்தனை ஐனோட் என்பதும் முடிவாகிவிடும், வழக்கமாக 16 கேபி இடத்துக்கு ஒன்று. ஒரு கோப்புக்கு ஒரு ஐனோட் வேண்டும், கோப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும். எங்கள் 40 ஜிபி டிஸ்கில் மொத்தம் சுமார் 26 லட்சம். எங்களிடம் இருந்தது 120 பேக்கேஜ், சராசரியாக ஆளுக்குப் பதினைந்து பதிப்பு, ஒவ்வொரு பதிப்பிலும் 1,400 கோப்பு என்று வைத்துக்கொண்டாலே 25 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. செயல்பாட்டுக்கு ஒரு பக்கம், அதன் மூலநிரலுக்கு ஒரு பக்கம், மூல உரைக்கு ஒரு பிரதி என்று ஆவணக் கருவிகள் பொடிக் கோப்புகளாக இறைத்துக்கொண்டே போகும். இரண்டு ஜிபி லாக் அழித்தும் ஏன் பயனில்லை என்றால், அது நாலே நாலு கோப்பு.

முதலில் ஒரே மாதிரியான கோப்புகளை ஹார்டு லிங்க்கால் (ஒரே கோப்புக்குப் பல பெயர்) இணைத்துப் பார்த்தேன். பக்கத் தலைப்பிலேயே பதிப்பு எண் வருவதால் எச்டிஎம்எல் எதுவும் சேரவில்லை, எழுத்துருவும் சிஎஸ்எஸ்ஸும் மட்டும் சேர்ந்தன. பெரிய லாபம் வேறொன்றில் கிடைத்தது. 2.3.1, 2.3.2 என்று ஒவ்வொரு திருத்தப் பதிப்புக்கும் தனி ஆவணம் எதற்கு? 2.3 வரிசையில் கடைசியானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற முகவரிகளை அங்கே திருப்பிவிட்டோம். கோப்புகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

திருப்பிவிட்டோம் என்று சொன்னதைக் கவனியுங்கள், அழித்துவிட்டு 404 காட்டவில்லை. ஸ்ஃபிங்ஸ் ஒவ்வொரு தளத்தோடும் ஆப்ஜெக்ட்ஸ்.இன்வி என்று ஒரு கோப்பை வைக்கும், எந்தச் செயல்பாட்டின் விளக்கம் எந்த முகவரியில் இருக்கிறது என்ற பட்டியல் அது. மற்ற திட்டங்கள் அதைப் படித்து உங்கள் பக்கங்களுக்குத் தானாகவே இணைப்பு போட்டுக்கொள்கின்றன. முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய ஆவணங்கள் உங்கள் முகவரிகளை நம்பி நிற்கும். அதனால் பேக்கேஜ் பெயர், பிறகு பதிப்பு, பிறகு பக்கம் என்று முகவரி அமைப்பை முதல் நாளே முடிவு செய்துவிட்டு அதில் கை வைக்காதீர்கள். பழைய பதிப்பின் பக்கங்களில் நிலையான பதிப்பைச் சுட்டும் கெனானிக்கல் இணைப்பையும் (எது முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்வது) போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தேடுபொறி வழியாக 1.2-க்குப் போய் இறங்கியவர், நீங்கள் போன வருடம் சேர்த்த வசதியைக் காணோம் என்று சண்டைக்கு வருவார்.

புதுப் பதிப்புக்கு மாறும்போது, நடப்புப் பதிப்பின் கோப்புறையைச் சுட்டும் சிம்லிங்க்கைத் திருப்புவீர்கள் அல்லவா, அதற்கு எல்என் கட்டளையின் கட்டாய மாற்றத்தை நம்பாதீர்கள், அதன் பழைய பதிப்புகள் பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போடும் என்பதால் நடுவில் ஒரு நொடித்துளி இடைவெளி இருக்கும். வேறு பெயரில் சிம்லிங்க் செய்து எம்வி -T மூலம் பெயர் மாற்றினால் அந்த இடைவெளி இருக்காது.

இணையப் பக்கங்களைத் தானாகப் படித்துக்கொண்டு போகும் பாட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதிப்புக் கோப்புறைகள் அவற்றுக்கு விருந்து, ஒரே விஷயத்தைப் பதினைந்து முறை படித்துவிட்டுப் போகும். 2024 மே மாதத்தில் ஒரே ஒரு கிராலர் (அப்படிப்பட்ட பாட்தான்) தங்களிடமிருந்து 73 டிபி இறக்கியதாக, ஆவணங்களை வைத்துத் தரும் சேவையான ரீட் த டாக்ஸ் எழுதியிருந்தது. நிலையான கோப்புகள் என்பதால் சர்வர் தாக்குப்பிடித்துவிடும், ஆனால் மாத டேட்டா அளவு தாக்குப்பிடிக்காது, விபிஎஸ் எடுக்கும்போது மெமரிக்கு முன்னால் அந்த வரியைப் படியுங்கள். கிட் களஞ்சியத்தை இணையத்தில் காட்டும் மென்பொருளை மட்டும் அதே சர்வரில் வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கமிட்டின் டிஃபையும் (எந்த வரிகள் மாறின என்ற பட்டியல்) கேட்கக் கேட்க உருவாக்குகிற அதுதான் பாட்களிடம் முதலில் விழும்.

இவ்வளவையும் செய்த பிறகு உங்களுக்கு 2 ஜிபி போதும், தனிக் கர்னலோடு வரும் கேவிஎம் வகையாக இருக்கட்டும். ஓபன்விஇசட் போன்றவற்றில் கர்னல் உங்களுடையது அல்ல, ஃபயர்வால் போடுவதிலிருந்து ஸ்வாப் வரை எங்காவது முட்டிக்கொண்டு நிற்பீர்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்றால் வெட்கப்படாமல் ரீட் த டாக்ஸுக்குப் போய்விடுங்கள், திறமூலத் திட்டங்களுக்கு அது இலவசம்.

கடைசியாக, சர்வர் கணக்கும் டொமைனும் குறைந்தது இரண்டு பேர் கையில் இருக்கட்டும். எங்கள் டொமைன் ஒரு முறை காலாவதியாகிவிட்டது. நினைவூட்டல் வந்த மின்னஞ்சலை யாரும் திறந்து பார்க்கவில்லை, அது நடக்கிறதுதான். மீட்கப் போனபோதுதான் தெரிந்தது, கடவுச்சொல்லை மாற்றுவதற்கான மின்னஞ்சலும் அதே டொமைனில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும் என்று. டொமைன் உயிரோடு இருந்தால்தானே அந்த மின்னஞ்சல் வந்து சேரும்!