பள்ளிக் காதலும் ஒரு கணவனும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் '96' படத்தை மறுபடி பார்த்தேன். இரண்டு நாள் கழித்து 'பாஸ்ட் லைவ்ஸ்'. இரண்டிலும் கண் கலங்கியது, கூடவே எரிச்சலும் வந்தது. பள்ளியில் பிடித்துப்போன ஒருவரை இருபது வருடம் கழித்தும் மனதில் சுமப்பது வளராத மனம் இல்லையா? கட்டிய கணவனுக்கு அங்கே என்ன மரியாதை? எனக்குப் பள்ளிக் காதல் எதுவும் இருந்ததில்லை. பிறகு ஏன் அழுதேன் என்றும் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். இந்தப் படங்களுக்கு அழ, பள்ளிக் காதல் இருந்திருக்க வேண்டியதில்லை. பதினைந்து வயது இருந்திருந்தால் போதும்.

'பாஸ்ட் லைவ்ஸ்' (2023) படத்தில் சிறுவயதுப் பகுதியைக் கவனித்தீர்களா? சியோலில் பன்னிரண்டு வயதுச் சிறுமி அழுதுகொண்டே வீட்டுக்கு நடக்கிறாள். கூட நடக்கும் பையன் பரீட்சையில் அவளை முந்திவிட்டான், அவ்வளவுதான் விஷயம். பிறகு குடும்பம் கனடா போகிறது, பெயர் மாறுகிறது, அப்புறம் நியூயார்க், எழுத்து, கல்யாணம். அழுகை எங்கோ நின்றுபோகிறது. வருடங்கள் கழித்து அந்தப் பையன் அவளைப் பார்க்க நியூயார்க் வருகிறான். பாரில் அவனிடம் அவள் சொல்வது, நீ நினைத்திருக்கும் சிறுமி இங்கே இல்லை, அவளை உன்னிடமே விட்டுவிட்டு வந்தேன் என்பதைத்தான். கடைசியில் அவனை வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து கணவனைக் கட்டிக்கொண்டு உடைந்து அழுகிறாளே, அது அவன் போய்விட்டதற்கு என்று எனக்குப் படவில்லை. அந்தச் சிறுமிதான் அழுகிறாள். கணவன் அவளை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறான்.

கணவனுக்கு மரியாதை இல்லை என்கிறீர்கள். அந்தப் படத்திலேயே பெரிய மனுஷன் அவன்தான்! மனைவி தூக்கத்தில் கொரிய மொழியில் பேசுகிறாள் என்பதற்காக அதைக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறவன். பாரில் மற்ற இருவரும் பேசுவது முழுதாகப் புரியாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான், எழுந்து போகவும் இல்லை.

'96' (2018) இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. நாயகி ஜானுவின் கணவர் சிங்கப்பூரில், பேச்சோடு சரி. பள்ளியில் அவளைக் காதலித்த ராமையும் படம் கொஞ்சம் அதிகமாகவே கழுவித் துடைத்து வைத்திருக்கிறது. அவன் விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயம்தான். ஆனால் அவனுடைய மாணவிகள் ஜானுவை அவன் மனைவி என்று நினைத்துக்கொண்டு காதல் கதை கேட்கும் இடம் இருக்கிறதே! நடக்காத ஒன்றை நடந்ததாக அவள் சரளமாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். அத்தனை வருடமும் மனதுக்குள் எத்தனை முறை திருத்தித் திருத்தி எழுதியிருந்தால் அந்தச் சரளம் வரும்? அந்த ஒரு காட்சிக்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

காதலைப் பெரிதுபடுத்தாத படம் வேண்டுமென்றால் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979) பாருங்கள். மூன்று பையன்கள், ஒரு டீச்சர், ஒரு ஆறு. முடிவைச் சொல்ல மாட்டேன். அதிலும் எரிச்சல் வந்தால் எழுதுங்கள்.