அண்டாவுக்குள் ஒளித்து வைத்த நீலப் பொம்மை

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் மகனுக்கு 9 வயது. 4ஆம் வகுப்பு படிக்கிறான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், பள்ளி விட்டு வந்ததும் என் மாமியார்தான் பார்த்துக்கொள்வார். அவருடைய போன் பையன் கையில்தான் இருக்கும்.

மாரியம்மன் நோம்பிக் கடையில், நீளக் கையும் வாய் நிறையப் பல்லுமாக ஒரு நீலப் பொம்மையை அடம்பிடித்து வாங்கினான். கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவான். திடீரென்று ஒருநாள் பொம்மையைக் காணோம். தேடிப் பார்த்தால், சாமான் அறையில் பித்தளை அண்டாவுக்குள் துண்டால் சுற்றி வைத்து, தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக் குழவியையும் வைத்திருந்தான். கேட்டதற்கு, "நாம தூங்குனதும் அது எந்திரிச்சு வரும்மா" என்றான்.

இப்போது ராத்திரியில் தனியாகப் பாத்ரூம் போவதில்லை. 4 வயதிலேயே நின்றுபோன படுக்கை நனைப்பதும் திரும்பிவிட்டது. மாமியார், "காத்து கருப்பு அண்டியிருக்கு, மந்திரிச்சுக் கயிறு கட்டணும்" என்கிறார். கணவரோ, "ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் பயப்படலாமா?" என்று லைட்டை அணைத்துவிட்டு வந்துவிடுகிறார்.

போன வாரம் அந்தப் போனை வாங்கிப் பார்த்தேன். பேய் துரத்தும் ஒரு கேம், ஊர் பேர் தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடுகிறான். அதன் சாட்டில் யாரோ, "எந்த ஸ்கூல்? வேற ஆப்புக்கு வா, ஃப்ரீயா காயின் தரேன். அம்மாகிட்ட சொல்லாத" என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவனை அடித்துவிட்டேன். சாட்டையும் கேமையும் அழித்துவிட்டேன். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறான். இனி போனையே கண்ணில் காட்டாமல் வளர்ப்பதுதான் வழியா?

- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

அந்த வரிகளைப் படித்த எந்தத் தாய்க்கும் கை நடுங்கும். ஆனாலும் இன்றைக்கே அவனிடம், "அடிச்சது அம்மா தப்பு கண்ணு, பயந்துட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளை வளைக்கப் பார்க்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். முதலில் நட்பு, அப்புறம் இலவசமாக ஏதோ ஒன்று, பிறகு கண்காணிப்பு இல்லாத வேறு ஆப்புக்கு அழைப்பு, கடைசியில் ரகசியம். சொன்னால் அடி விழும், போன் போய்விடும் என்று பையன் நினைத்தால், "அம்மாகிட்ட சொல்லாத" என்பதை அந்த ஆள் இரண்டாம் முறை சொல்லவே வேண்டியதில்லை. "யார் என்ன கேட்டாலும் எங்கிட்ட காட்டு, திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

மனம் சமாதானமான பிறகு, பள்ளிப் பெயரோ போட்டோவோ கொடுத்தானா என்று மெதுவாகக் கேளுங்கள். கொடுத்திருந்தாலோ மிரட்டல் வந்தாலோ 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அடுத்த முறை எதையும் அழிக்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் ரிப்போர்ட், பிளாக்.

போனையே காட்டாமல் வளர்ப்பது நடக்கிற காரியமில்லை. நண்பன் வீட்டில் பார்ப்பான், அதை உங்களிடம் மறைப்பான். பாட்டியின் போன் என்பதால் பெரும்பாலும் பெரியவர் வயதில்தான் கணக்கு இருக்கும். அந்தக் கேமைப் பொறுத்தவரை அவன் குழந்தையே இல்லை, ஆகவே குழந்தைகளுக்கான காப்பு எதுவும் அவனுக்குக் கிடைக்காது. உண்மையான பிறந்த வருடத்தோடு புதுக் கணக்கு தொடங்குங்கள். உதாரணத்துக்கு, பிள்ளைகள் பலர் ஆடும் ரோப்லாக்ஸ் என்ற ஆன்லைன் கேம் தளத்தில் 2024 நவம்பரிலிருந்து பெற்றோர் தங்கள் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்து, எவ்வளவு நேரம் ஆடலாம், எந்த அளவு திகில் வரலாம் என்று தீர்மானிக்கலாம். பிளே ஸ்டோரிலும் பெற்றோர் கட்டுப்பாட்டைப் போட்டு 7 வயதுக்கு மேற்பட்டவை வராமல் தடுக்கலாம். ஆனால் அது புதிதாக இறக்குவதை மட்டும்தான் தடுக்கும். யூடியூபுக்குத் தனியாகக் கட்டுப்பாடு போட வேண்டும். ஆடுவது ஹாலில், ஹெட்போன் இல்லாமல் நடக்கட்டும். அலறல் சத்தமும் குறையும், யாராவது பேசினால் உங்கள் காதிலும் விழும்.

இப்போது பொம்மைக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது 2021இல் வந்த பாப்பி பிளேடைம் என்ற திகில் விளையாட்டின் ஹக்கி வக்கியாகத்தான் இருக்க வேண்டும். பாழடைந்த பொம்மைத் தொழிற்சாலையின் முன்கூடத்தில் சிலைபோல நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் நின்ற இடத்தில் இருக்காது. பிறகு காற்றுக் குழாய்களுக்குள் துரத்தும். ஆடாமல் யூடியூபில் பார்த்தே பயந்த பிள்ளைகளும் உண்டு. நாம் பார்க்காதபோது அது நகரும் என்பதைத்தான் உங்கள் மகன் அங்கே கற்றிருக்கிறான். அண்டாவும் தட்டும் குழவியும் அதனால்தான். தன் வீட்டைக் காப்பாற்ற அந்தச் சின்னக் கை குழவியைத் தூக்கியிருக்கிறது. எனக்கு அதைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது.

பகலில் அவனுக்கும் தெரியும், அது பஞ்சு என்று. இருட்டில் அந்த அறிவு உதவாது. அதனால் "பேயே இல்லை" என்று வாதம் செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலில் அவனே தட்டைத் திறக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பல்லைப் பிரித்து எடுப்பதா, வாயைத் தைப்பதா, யாருக்காவது கொடுப்பதா என்பதை அவன் முடிவு செய்யட்டும்.

லைட்டை அணைத்துவிட்டு வருவதால் தைரியம் வராது என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். முதல் வாரம் அவர் பாத்ரூம் வரை கூடப் போகட்டும், அடுத்த வாரம் கதவருகே நிற்கட்டும், அதற்கடுத்த வாரம் ஹாலிலிருந்து குரல் கொடுத்தால் போதும். பாட்டி திருநீறு பூசுவது பிள்ளைக்கு ஆறுதலாக இருந்தால் பூசட்டும். "காத்து கருப்பு" பேச்சு மட்டும் அவன் காதில் விழவே கூடாது. பொம்மை நிஜமாகவே எழுந்து வரும் என்பதற்குப் பெரியவர் வாயாலேயே சாட்சி சொன்னது போலாகிவிடும்.

படுக்கை நனைந்தால் திட்டாமல் விரிப்பை மாற்றுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உடம்பில் ஒன்றுமில்லை, பயமும் ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.