சிம்பன்சி நமக்கு முப்பாட்டனா, பங்காளியா?

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன? (தேனி வாசகர்)

நீங்கள் உங்கள் சித்தப்பா மகனுக்குப் பிறக்கவில்லை. இருவருக்கும் தாத்தா ஒருவர், அவ்வளவுதான். சிம்பன்சியும் நாமும் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவர்கள். கோயில் படியில் தேங்காய் மூடியைப் பிடுங்கும் நாட்டுக் குரங்கு இன்னும் தூரத்துச் சொந்தம். பிரிந்து இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். ஆணைக் கடுவன், பெண்ணை மந்தி என்று பிரித்துச் சொன்ன மொழி நம்முடையது. ஆனால் சிம்பன்சி, கொரில்லாவெல்லாம் நம் காட்டில் கிடையாது. அதனால் வாலுள்ளது, இல்லாதது எல்லாமே நமக்குக் ‘குரங்கு’ ஆகிவிட்டது. பாதிக் குழப்பம் அதில்தான்.

டி.என்.ஏ.வில் 99 சதவீதம் ஒன்றுதானாமே? (திருச்சி வாசகி)

எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. 2005இல் சிம்பன்சியின் மரபணுத் தொகுப்பு வெளியானபோது, பொருந்தும் பகுதிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டதில் வேறுபாடு 1.2 சதவீதம்தான். ஒரு பக்கம் இருந்து மறு பக்கம் இல்லாத துண்டுகளையும் கணக்கில் சேர்த்தால் அது கூடிவிடும். சதவீதத்தைவிட எனக்குப் பிடித்த சான்று வேறு. டி.என்.ஏ. சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் இழைகளான குரோமோசோம்கள் சிம்பன்சிக்கு 48, நமக்கு 46. குறைந்த ஒரு ஜோடி எங்கே? இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டித்தான் நம் 2ஆம் குரோமோசோம் உருவானது. ஒட்டிய தழும்பு இன்றும் அதில் தெரிகிறது.

நினைவாற்றலில் ஒரு சிம்பன்சி மனிதர்களைத் தோற்கடித்தது உண்மையா? (சேலம் வாசகர்)

உண்மை, ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஆயுமு என்ற சிம்பன்சி அது. திரையில் ஐந்து எண்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி தோன்றி, வெள்ளைக் கட்டங்களாக மாறிவிடும். எண் வரிசைப்படி கட்டங்களைத் தொட வேண்டும். 2007இல் வெளியான ஆய்வில் கல்லூரி மாணவர்கள் திணற, ஆயுமு சர்வசாதாரணமாகத் தொட்டது. ஆனால் ஆயுமு நிறையப் பழகியிருந்தது. பிறகு மனிதர்களுக்கும் அதேபோலப் பயிற்சி கொடுத்தபோது அவர்களும் அந்த அளவை எட்டினார்கள்.

எதிர்ப்பக்கமும் இதே ஓரவஞ்சனை உண்டு. குழந்தையையும் சிம்பன்சியையும் ஒப்பிடும்போது, குழந்தையை அம்மா மடியில் உட்காரவைத்துச் சோதிக்கிறோம். சிம்பன்சியைக் கூண்டில் வைத்து, அதற்கு வேற்று உயிரினமான மனிதர் சோதிக்கிறார். இதில் ‘புத்தி குறைவு’ என்று தீர்ப்புச் சொன்னால் எப்படி?

2005இல் வந்த இன்னோர் ஆய்வில் ஒரு கண்ணாடிப்பெட்டி. ஆய்வாளர் முதலில் மேலே குச்சியால் வீணாகக் குத்துவார், பிறகு கதவைத் திறந்து உள்ளிருப்பதை எடுப்பார். குத்துவதால் பயனில்லை என்பது கண்ணுக்கே தெரியும். சிம்பன்சிகள் குத்துவதை விட்டுவிட்டு நேரே கதவுக்குப் போயின. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ குத்திவிட்டுத்தான் திறந்தார்கள்! சிரிக்காதீர்கள். காரணம் புரியாவிட்டாலும் அப்படியே செய்து பழகும் குணத்தால்தான் நம் கைத்தொழிலும் சமையலும் தலைமுறை தாண்டி வந்தன என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. பாட்டி ரசம் வைத்த முறையை நாம் என்ன ஆராய்ந்து பார்த்தா கற்றோம்?

சிம்பன்சிக்கு ஐந்து ஆள் பலமா? (மதுரை வாசகர்)

இல்லை. எடைக்கு எடை பார்த்தால் சுமார் ஒன்றரை மடங்கு. சண்டைக்கு அதுவே தாராளம்.

மலைப்பாதையில் குரங்கைப் பார்த்துச் சிரித்தான் என் மகன். அது பாய்ந்து வந்துவிட்டது. ஏன்? (கோவை வாசகி)

நமக்குப் பல்லைக் காட்டுவது நட்பு. நாட்டுக் குரங்குக் கூட்டத்தில் அது பயத்துக்கும் பணிவுக்கும் அடையாளம். கண்ணோடு கண் முறைத்துப் பார்ப்பதோ மிரட்டல். உங்கள் மகன் இரண்டையும் சேர்த்துச் செய்திருப்பான். கையில் தின்பண்டப் பை இருந்ததா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். அடுத்த முறை பார்வையைத் திருப்பிக்கொண்டு, ஓடாமல் மெல்ல விலகச் சொல்லுங்கள். கீறலோ கடியோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டி ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.