இரு குழுக்களை ஒப்பிடும் கல்வி ஆய்வில் குழுவுக்கு 30 மாணவர் போதுமா?

நீங்கள் எம்.எட். படிப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். "ஏ பிரிவைச் சோதனைக் குழுவாக வை, பி பிரிவைக் கட்டுப்பாட்டுக் குழுவாக வை, குழுவுக்கு முப்பது பேர் போதும்" என்று நெறியாளர் சொல்லியிருப்பார். போதாது என்பதுதான் என் பதில். ஆனால் முப்பதை அறுபதாக்கினால் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

முதலில் எண்ணிக்கை. மதிப்பெண்களின் திட்ட விலக்கம், அதாவது அவை சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு, 10 என்று கொள்வோம். புதிய முறை 5 மதிப்பெண் கூட்டித் தருகிறது என்றால், புள்ளியியல் அறிஞர் ஜேக்கப் கோஹன் வகுத்த கணக்கில் 5ஐ 10ஆல் வகுத்து வரும் விளைவின் அளவு 0.5. அதை 0.05 மட்டத்தில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகத் தவறாகச் சொல்லும் வாய்ப்பு 5 விழுக்காடு), 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். விளைவு 0.8 என்றால் 26 பேர் போதும். 0.2 என்றால் 400 பேரை நெருங்கிவிடும். 30 பேரை வைத்துக்கொண்டு 0.5 அளவு விளைவைத் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு பாதிகூட இல்லை. பிறகு "இரு குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று எழுதி, நல்லதொரு கற்பித்தல் முறையை நாமே புதைத்துவிடுகிறோம்.

ஆய்வேடுகளில் தவறாமல் தலைகாட்டும் 1970ஆம் ஆண்டின் கிரெஜ்சி–மார்கன் அட்டவணையையும் இதற்கு எடுக்காதீர்கள். ஆயிரம் பேர் கொண்ட தொகுதியிலிருந்து 278 பேரை எடு என்று அது சொல்வது, ஒரு தொகுதியில் இத்தனை விழுக்காட்டினர் இப்படி என்று மதிப்பிடுவதற்கு. இரு குழுக்களை ஒப்பிட அது உண்டாக்கப்படவே இல்லை.

இனி என் கதை. நான் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை. பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். ஏழாம் வகுப்பு அறிவியலைக் கருத்து வரைபடங்கள் (கருத்துகளைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் படங்கள்) கொண்டு கற்பிப்பது தலைப்பு. ஆய்வுக் குழுக் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர், "ஒரே பள்ளி, இரண்டு பிரிவு, எண்பது பிள்ளைகள். இதற்கு மேல் எதற்கம்மா?" என்றார். அவர் சொன்ன பள்ளியில் ஏ பிரிவு ஆங்கில வழி, பி பிரிவு தமிழ் வழி. ஏ பிரிவுக்கு அறிவியல் காலை இரண்டாம் பாடவேளை. பி பிரிவுக்கு மதிய உணவு முடிந்த கையோடு. ஆசிரியர்களும் வேறு வேறு. இதில் ஏ பிரிவு பத்து மதிப்பெண் கூடுதலாக வாங்கினால் அது வரைபடத்தின் வேலையா, பயிற்று மொழியின் வேலையா, ஆசிரியரின் வேலையா? பிரிவுக்கு நானூறு பேர் இருந்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

எழுந்து போய்ப் பலகையில் கணக்கைப் போட்டேன். ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமையை, பூஜ்யம் முதல் ஒன்று வரையான அளவில், 0.2 என்று வைத்தேன். அமெரிக்கப் பள்ளித் தரவுகளில் பள்ளி அளவில் ஏறத்தாழ அவ்வளவுதான் காணப்பட்டிருக்கிறது. வகுப்புக்கு 40 பேர். ஒருவரை விட்டு மீதி 39. ஒன்றுடன் 39 பெருக்கல் 0.2ஐக் கூட்டினால் 8.8. ஒத்திருக்கும் பிள்ளைகள் ஒரே தகவலையே திரும்பத் தருவதால் எண்பதை இதனால் வகுக்க வேண்டும். வகுத்தால் ஒன்பது. "ஐயா, தாளில் எண்பது பேர், கணக்கில் ஒன்பது பேர்தான்" என்றேன். அதே நாற்பது பேரைப் பள்ளிக்குப் பத்துப் பேராக நான்கு பள்ளிகளில் எடுத்தால் வகுக்கும் எண் (ஒன்றுடன் 9 பெருக்கல் 0.2) 2.8 ஆகக் குறைந்துவிடுகிறது என்பதையும் எழுதிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துவிட்டு, "சரி, பல பள்ளிகளாக எடுங்கள்" என்றார். அந்தக் கூட்டத்தை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறேன்.

தமிழ் வழிப் பிரிவுகளை மட்டும் எடுத்தேன். ஒன்றுக்கொன்று ஒத்த பள்ளிகளை இணை இணையாக வைத்து, பெயர்களைச் சீட்டில் எழுதி, எவர்சில்வர் டம்ளரில் போட்டு, அலுவலக உதவியாளரை எடுக்கச் சொன்னேன். எந்தப் பள்ளிக்குப் புது முறை என்பதில் என் விருப்பம் நுழையக் கூடாது என்பதற்காக.

பெரிய ஆய்வுகளும் இந்தக் கவனத்தோடுதான் நடந்தன. 1985இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 79 பள்ளிகளில் 'ஸ்டார்' ஆய்வு தொடங்கியது. 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்பு, 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு என்று ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு பள்ளிக்குள்ளேயும் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். முதல் ஆண்டிலேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இத்தனைக்கும் கிடைத்த விளைவு ஏறத்தாழ 0.2தான். உங்கள் இரண்டு வார 'புத்தாக்க முறை' 0.8 தரும் என்று நம்பி 26 பேரோடு இறங்குவது நியாயமா?

"எம்.எட். மாணவருக்கு ஏது நேரம், ஏது பணம்?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் 79 பள்ளி கேட்கவில்லை. முடிந்தவரை அதிகப் பள்ளிகள், பள்ளிக்குக் குறைவான பிள்ளைகள், கட்டாயம் முன்தேர்வு. முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் ஒட்டுறவு (இரண்டு மதிப்பெண்களும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) 0.7 இருந்தால், அதைக் கணக்கில் சேர்க்கும்போது தேவையான எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிறது. புள்ளியியல் படித்தவர்கள் இந்தச் சூத்திரங்கள் எளிமைப்படுத்தப்பட்டவை என்பார்கள். உண்மைதான், ஆனால் முப்பது என்ற வாய்ப்பாட்டைவிட இவை எவ்வளவோ மேல்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அனுமதி கேட்டுப் போனபோது ஒரு தலைமையாசிரியை, "வருகிறீர்கள், பிள்ளைகளிடம் தேர்வு வைத்துத் தாள்களை அள்ளிக்கொண்டு போகிறீர்கள். என்ன கண்டுபிடித்தோம் என்று இதுவரை ஒருத்தர் திரும்பி வந்து சொன்னதில்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பாடவேளையைக் கொடுத்த பள்ளிக்கு இரண்டு பக்கத்தில் முடிவை எழுதிக் கொடுக்க என்ன கேடு? பட்டம் வாங்கியதும் பள்ளியின் பெயரையே மறந்துவிடுகிறவர்களை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. அவர்களால்தான் அடுத்து வருகிறவருக்குக் கதவு திறப்பதில்லை. பள்ளி கிடைக்காததால்தான் எல்லாரும் இரண்டு பிரிவோடு முடித்துக்கொள்கிறார்கள்.

உங்களுக்கு எத்தனை பள்ளிகள் கிடைக்கும், பிரிவுகள் எந்த அடிப்படையில் பிரிக்கப்பட்டிருக்கின்றன, முன்தேர்வு வைக்க முடியுமா என்பதைக் கீழே எழுதுங்கள். உங்கள் நெறியாளரிடம் காட்டும்படி கணக்கைப் போட்டுத் தருகிறேன்.