நாற்பது நாள் பூட்டிக் கிடக்கப்போகும் வீடு: எதை முதலில் பலப்படுத்துவது?

கேள்வி: திருச்சி திருவெறும்பூரை அடுத்த புது மனைப்பிரிவில் எங்கள் தனி வீடு இருக்கிறது. வலது பக்கமும் பின்புறமும் காலி மனை. மகளின் பிரசவத்துக்காக நானும் கணவரும் பெங்களூரு போகிறோம், திரும்ப நாற்பது நாள் ஆகும். இரண்டே மாதத்தில் எங்கள் பகுதியில் பூட்டிய வீடுகள் இரண்டை உடைத்திருக்கிறார்கள். எட்டு கேமரா போட்டால் பயமில்லை என்கிறார் கடைக்காரர். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள் சிலர். அப்படிக் கொடுத்தால் வீட்டில் ஆள் இல்லாத விஷயம் வெளியே போய்விடுமோ என்று தயக்கம். என்ன செய்யலாம்?

பதில்: கேமராவை மூன்றாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை பின்கதவு, அடுத்தது பக்கத்து வீட்டார். பணம் செலவழிப்பதும் இந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

பூட்டிய வீட்டை உடைப்பவனுக்கு இரண்டு உறுதி தேவை. உள்ளே ஆள் இல்லை என்பது ஒன்று. யார் கண்ணிலும் காதிலும் படாமல் கதவோடு சில நிமிடம் மல்லுக்கட்ட முடியும் என்பது மற்றொன்று. குல்லாவும் முகக்கவசமும் போட்டு வருபவனைக் கேமரா பெரும்பாலும் தடுப்பதில்லை. அது திருட்டுக்குப் பிறகு விசாரணைக்கு உதவும் பொருள். உங்கள் வீட்டின் உண்மையான பலவீனம் பின்புறக் காலி மனை. அங்கே சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் மறைவாகக் காத்திருக்கவும் இடம் கிடைக்கிறது, சாமானைத் தூக்கிக்கொண்டு போகவும் வழி கிடைக்கிறது. மனைக்காரரிடம் பேசி, உங்கள் மதிலிலிருந்து பத்தடி தூரத்துக்காவது வெட்டிவிடச் சொல்லுங்கள். அவர் வெளியூரில் இருந்தால் அனுமதி வாங்கி நீங்களே ஆள் வைத்து வெட்டிவிடலாம்.

இனி பின்கதவு. நம் ஊர் வீடுகளில் வாசலுக்குத் தேக்குக் கதவு, கொல்லைப்புறத்துக்கு விலை குறைந்த ஃப்ளஷ் கதவு என்பதுதான் வழக்கம். அதில் ஆறு அங்குலத் தாழ்ப்பாள் ஒன்றை முக்கால் அங்குல ஸ்க்ரூ போட்டு மாட்டியிருப்பார்கள். கடப்பாரையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே செருகி நெம்பினால் தாழ்ப்பாள் வளைவதற்கு முன்பே ஸ்க்ரூ மரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். தாழ்ப்பாளைப் பெரிதாக்குவதால் பயனில்லை. கதவின் பிடிமானத்தை மரத்திலிருந்து சுவருக்கு மாற்ற வேண்டும்.

அதற்குக் குறுக்குப் பட்டை போடுங்கள். 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டை, கதவின் அகலத்தைவிட இரு பக்கமும் ஆறு அங்குலம் நீண்டிருக்கட்டும். அதைத் தாங்க, நிலையை ஒட்டிய சுவரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள் வேண்டும், ஒவ்வொன்றையும் 10 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் இறுக்க வேண்டும். பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் போல்ட் இறங்குகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். பூச்சோடு நின்றுவிட்டால் ஒரே நெம்பில் பெயர்ந்துவிடும். வெல்டிங் பட்டறையில் அரை நாளில் முடியும் வேலை இது. உள்ளே திறக்கும் கதவுக்கே இந்தப் பட்டை பயன்படும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் என்றால், வெளியே கிரில் கேட் போடுவதுதான் வழி. ஊரில் இருக்கும் நாட்களில் பட்டைக்குப் பூட்டுப் போட வேண்டாம். தீ விபத்து நேர்ந்தால் வயதானவர்களும் ஒரு கையால் தூக்கும்படி இருக்க வேண்டும்.

மொட்டைமாடிப் படிக்கட்டின் கதவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மழையில் நனைந்து அடிப்பாகம் உப்பிய கதவுக்குப் பட்டை போட்டாலும் பலன் குறைவு, மாற்றிவிடுங்கள். மதிலோரம் ஏணி, உடைந்த நாற்காலி, கட்டட வேலையில் மிஞ்சிய சவுக்குக் கம்பு கிடந்தால் எடுத்து உள்ளே போடுங்கள். கடப்பாரை, மண்வெட்டியும் அப்படித்தான். வீட்டுக்காரரின் கடப்பாரையாலேயே வீட்டை உடைத்த சம்பவங்கள் உண்டு.

நீங்கள் வெளியேறப்போவது முன்கதவு வழியாக என்பதால் அதை வெளியிலிருந்து பூட்டத்தான் வேண்டும். தொங்கும் பூட்டு தெருவிலிருந்தே கண்ணில் படும். கதவுக்குள் பதிந்த, இரண்டு மூன்று தண்டுகள் நிலைக்குள் இறங்கும் பூட்டு நல்லது. தொங்குபூட்டுத்தான் இருக்கிறது என்றால் பூட்டைவிட நாதாங்கியைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பூட்டு அப்படியே தொங்க, நாதாங்கி மட்டும் பெயர்ந்து கிடப்பதுதான் வழக்கமான காட்சி. ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, கதவின் மறுபக்கம் நட்டு இறுகும்படி போல்ட் போடுங்கள். கிரில் கேட் இருந்தால் பூட்டின் மேல் இரும்புப் பெட்டி வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வெட்டும் கருவி நுழைய இடம் இருக்காது.

அடுத்து, ஆள் இல்லை என்பதை வாசலே சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வது. நம் தெருவில் இதற்கு முதல் அடையாளம் கோலம்தான். தெரு முழுக்கக் காலையில் தண்ணீர் தெளித்திருக்க, ஒரு வாசல் மட்டும் காய்ந்து, நாலு நாள் பழைய கோலம் தேய்ந்து, கேட்டில் நோட்டீஸ் செருகியபடி இருந்தால் நோட்டம் பார்ப்பவனுக்கு வேறு சாட்சி வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு இந்த மாதச் சம்பளத்தையும் கொடுத்து, தினமும் வாசல் பெருக்கிக் கோலம் போடச் சொல்லுங்கள். சாவி கொடுக்க வேண்டியதில்லை, கேட்டுக்கு வெளியே செய்தால் போதும். இந்தச் செலவு எந்தக் கேமராவையும்விடப் பலன் தரும். பேப்பரையும் பாலையும் நிறுத்திவிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ரயில் நிலையப் படமும் வேண்டாம், பேரக்குழந்தையின் படமும் ஊர் திரும்பும்வரை வேண்டாம்.

வாசல் விளக்கை நாற்பது நாளும் எரியவிட்டுப் போவது தவறு. நண்பகலில் எரியும் பல்பும் ‘ஆள் இல்லை’ என்றே சொல்கிறது. வெளியே இருட்டினால் தானே எரியும் சென்சார் ஹோல்டரும், ஹாலில் மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை எரியும்படி டைமர் பிளக்கும் போடுங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு தினம் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் நாற்பது நாளுக்கு நாலரை யூனிட்கூட ஆகாது. பின்பக்கத்துக்கும் ஒன்று மாட்டிவிடுங்கள்.

எதிர்வீடு, இடப்பக்க வீடு, பின்தெருவில் உங்கள் கொல்லை தெரியும் வீடு, இந்த மூன்று வீட்டாரிடமும் நேரில் பேசுங்கள். ‘பார்த்துக்கோங்க’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பார்ப்பதில்லை. இரவு படுக்கும் முன் கொல்லை விளக்கு எரிகிறதா என்று ஒருவர் பார்ப்பது, நாள்விட்டு நாள் மதிலைச் சுற்றி ஒருவர் நடப்பது, சத்தம் கேட்டால் முதலில் 112 அல்லது 100க்கு அழைத்துவிட்டு அப்புறம் உங்களுக்குச் சொல்வது என்று ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக் கொடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியை அவர்கள் கைப்பேசியில் ஏற்றிவிடுங்கள். அதிலுள்ள அவசரப் பொத்தான் அழுத்துபவரின் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்பும்.

தெருக் குழுவில் ஒன்றை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். ‘சந்தேக நபர்’ என்று யாரோ ஒரு வடமாநிலத் தொழிலாளியின், பழைய துணி வாங்க வந்தவரின் படத்தைப் போட்டு எச்சரிக்கை பரப்பும் பழக்கம் வேண்டாம். 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிப் போன சென்னைக் குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று வதந்தியை நம்பி அடித்ததில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். சந்தேகம் வந்தால் தகவல் காவல் நிலையத்துக்குப் போகட்டும், படம் எங்கும் போக வேண்டாம்.

காவல் நிலையத்தில் சொல்வது பற்றிய தயக்கத்தை விட்டுவிடுங்கள். ரோந்துக்காரருக்குத் தெரிவதால் லாபமே அதிகம். ஆனால் சரியான நிலையத்துக்குப் போக வேண்டும். மாநகராட்சி எல்லையும் மாநகரக் காவல் எல்லையும் ஒன்றல்ல. திருவெறும்பூர் மாநகராட்சியில் சேர்ந்த பகுதி என்றாலும் அதன் காவல் நிலையம் மாநகரக் காவல் ஆணையரிடம் அல்ல, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் வருவது. உங்கள் மனைப்பிரிவு எந்த நிலையத்தின் எல்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஒரு பக்கக் கடிதம் நேரில் கொடுங்கள். அடையாளத்தோடு முகவரி, புறப்படும் தேதி, திரும்பும் தேதி, உங்கள் எண், அண்டை வீட்டார் இருவரின் எண், தினமும் வாசலுக்கு வரும் ஆளின் பெயர், நிறுத்திவிட்டுப் போகும் வண்டியின் எண் ஆகியவை போதும். நகை, பணம் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பூட்டிய வீடுகளின் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், ரோந்துக் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகம் உங்கள் தெருவில் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். தெருக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பயணம் தள்ளிப்போனால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இப்போது கேமரா. எட்டு வேண்டாம், நான்கு போதும்: கேட், கொல்லைக் கதவு, வலப்பக்கச் சந்து, மொட்டைமாடிப் படி. கேட் கேமராவைப் பலர் பன்னிரண்டடி உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். அதில் தெரிவது உச்சந்தலையும் குல்லாவும்தான். முகம் விழ வேண்டுமானால் ஏழெட்டு அடி உயரம், ஆள் கடக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும். 2 மெகாபிக்சல் கேமரா, காட்சியைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையில் 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் பதிந்தால் நாளுக்குச் சுமார் 21.6 ஜி.பி. பிடிக்கும். நான்குக்கு 86 ஜி.பி. ஆக, கடைக்காரர் வழக்கமாகப் போடும் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பி, பழைய பதிவின் மேல் எழுத ஆரம்பித்துவிடும். முதல் வாரம் யாராவது நோட்டம் பார்த்திருந்தால் அந்தப் பதிவு நீங்கள் திரும்பும்போது இருக்காது. 4 டி.பி. கேளுங்கள்.

போகிற போக்கில், கேமராப் படம் பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியையும் கழற்றிக்கொண்டு போவது இப்போது சர்வசாதாரணம். டி.வி.க்குக் கீழே வைக்காமல் பரணில், காற்றோட்டம் உள்ள பூட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். கேட் கேமராவிலாவது மெமரி கார்டோ கிளவுட் சேமிப்போ தனியாக இருக்கட்டும். டி.வி.ஆரும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்க வேண்டும், இணையக் கட்டணத்தை இரண்டு மாதத்துக்கு முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். கடையில் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். புறப்படும் முன் லென்ஸைத் துடையுங்கள். கேமராவின் இரவு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி கூடு கட்டும், ஒரு நூல் குறுக்கே ஆடினாலே இரவுப் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். கடிகார நேரம் சரியா என்றும் பாருங்கள். பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அப்போது தவறான நேரம் தேவையற்ற சிக்கலாகும். அபாய மணி வாங்குவதானால், அதிலுள்ள சிம் கார்டுக்கு நாற்பது நாளைத் தாண்டிய வேலிடிட்டி இருக்க வேண்டும்.

நகை வங்கி லாக்கரில்தான் இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, திருட்டு, தீ, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு ஏற்பட்டால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். அது முழு ஈடு ஆகாது, ஆனாலும் வீட்டு பீரோவைவிட லாக்கர் பல மடங்கு பாதுகாப்பு. வைக்கும் முன் ஒவ்வொரு நகையையும் தனித்தனியாகப் படமெடுத்து, கிராம் எடையையும் ஹால்மார்க் அருகிலுள்ள ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. குறியீட்டையும் எழுதி வையுங்கள். பழைய நகையில் குறியீடு இருக்காது, படமும் எடையும் போதும். காலியான பீரோவில் சாவியைத் தொங்கவிட்டுப் போங்கள், கதவாவது மிஞ்சும்.

வீட்டுக் காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பரவலாக விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி அடிப்படையில் தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அப்படியொரு விபத்தை ஒட்டி ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் அதில் இடமுண்டு. பூட்டு உடைப்புக்குத் தனிப் பிரிவு சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும் பல பாலிசிகளில் வீடு தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளின்றி இருந்தால் ஈடு இல்லை என்ற நிபந்தனை உண்டு. உங்கள் பயணம் நாற்பது நாள். நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இல்லையென்றால் நடுவே கணவர் ஒருமுறை வந்து இரண்டு நாள் தங்கிப் போகட்டும்.

அப்படியும் உடைந்துவிட்டது என்று தகவல் வந்தால், அண்டை வீட்டார் உள்ளே போகக் கூடாது, கதவைச் சாத்தவும் கூடாது. விரல்ரேகைப் பிரிவு வந்து போகும்வரை சிதறிய துணி அப்படியே கிடக்கட்டும். மிளகாய்ப் பொடி தூவியிருந்தால் அதையும் பெருக்க வேண்டாம்.

புகாரில் கடைசியாகப் பூட்டிய நேரம், முதலில் பார்த்தவர், எந்தக் கதவு, போன பொருள் ஒவ்வொன்றின் அடையாளமும் எடையும் எழுதுங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள். விட்டுப்போனது பின்னால் தெரிந்தால் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம். பெங்களூரிலிருந்தே மின்னணு முறையில் தகவல் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். அது புகார் பெற்றதற்கான ஒப்புகை, வழக்குப் பதிவு அல்ல, காப்பீட்டுக்கும் போதாது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவின்படி, எல்லை எதுவானாலும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், நகலும் இலவசம். ‘பதினான்கு நாள் முதல்நிலை விசாரணை செய்துவிட்டுப் பதிகிறோம்’ என்றால், அந்த வசதி ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களுக்கே உரியது. குடியிருக்கும் வீட்டில் திருட்டுக்கு ஏழு ஆண்டு வரையும், திருடுவதற்காக இரவில் வீடு உடைத்தலுக்குப் பதினான்கு ஆண்டு வரையும் தண்டனை உண்டு. மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், அடுத்த படி நீதித்துறை நடுவர்.

நகை மீட்கப்பட்டால் அது நேராக உங்கள் கைக்கு வராது, நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இடைக்காலமாக ஒப்படைக்கும்படி நடுவரிடம் மனு போடலாம். படம், எடை, பில் ஆகிய மூன்றையும் அந்த மனுவோடு இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், அவற்றின் ஒரு பிரதி பெங்களூருக்கு உங்களோடு வரட்டும்.