பாதியில் நின்ற நிறுவலும் கண்ணில் படாத வைஃபையும்: டெபியனில் எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: என் பழைய மடிக்கணினியில் விண்டோஸை நீக்கிவிட்டு டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) நிறுவினேன். நிறுவும்போதே வைஃபை தெரியவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடர்ந்துவிட்டேன். அதன்பின் இணையத்தில் கண்ட சில வரிகளை சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் ஒட்டி, கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஒரு டிரைவரை நிறுவிக்கொண்டிருந்தபோது பேட்டரி தீர்ந்து கணினி அணைந்தது. இப்போது எதை நிறுவ முயன்றாலும் டிபிகேஜி (மென்பொருளை நிறுவும் நிரல்) இடையில் தடைபட்டது என்ற பிழைச்செய்தியே வருகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதுதான் வழியா?

பதில்: வேண்டாம். மறுபடி நிறுவினால் தொகுப்புகளின், அதாவது நிறுவப்படும் மென்பொருள் பொதிகளின், சிக்கல் தீரும் என்பது உண்மைதான். ஆனால் வைஃபை தெரியாததற்கான காரணம் அப்படியே இருக்கும் என்பதால், அரை நாள் செலவழித்துவிட்டு முதலில் நின்ற இடத்துக்கே திரும்பி வருவீர்கள். உங்களிடம் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்ட மூன்று சிக்கல்கள்: பாதியில் நின்ற நிறுவல், குழம்பிப்போன தொகுப்பு மூலங்கள் (தொகுப்புகள் எங்கிருந்து வர வேண்டும் என்ற பட்டியல்), டிரைவர் கிடைக்காத வைஃபை சில்லு. கடைசியில் வந்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். கீழே கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும்.

தொடங்கும் முன் சார்ஜரைச் செருகிவிடுங்கள். மின்சாரம் நின்றதால் வந்த சிக்கலைச் சரிசெய்யும்போதே மீண்டும் மின்சாரம் நிற்பதைப் போன்ற வீண்வேலை வேறில்லை.

நிர்வாகி உரிமையுடன் கட்டளைகளை ஓடவிடும் சூடோ கட்டளை உங்கள் கணினியில் இயங்குகிறதா என்றும் பாருங்கள். டெபியனை நிறுவும்போது ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்திருந்தால், உங்கள் பயனர் கணக்கு சூடோ குழுவில் சேர்க்கப்பட்டிருக்காது. அப்படியானால் "சூ -" என்று, அதாவது சூ என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளியும் ஒரு சிறுகோடும் சேர்த்து இட்டு, ரூட் பயனராக நுழையுங்கள். அந்தச் சிறுகோட்டை விட்டுவிட்டால் ரூட்டுக்குரிய கட்டளைப் பாதைகள் ஏற்றப்படாமல், எல்டிகான்ஃபிக் காணவில்லை என்று டிபிகேஜி முறையிடும். பலர் அதைப் புதியதொரு கோளாறு என்று நினைத்து வேறு திசையில் தேடப் போய்விடுகிறார்கள்.

இனி முதல் முடிச்சு. டெபியனில் ஒரு தொகுப்பு இரண்டு கட்டங்களில் நிறுவப்படுகிறது: முதலில் கோப்புகள் பிரித்து உரிய இடங்களில் வைக்கப்படுகின்றன, பிறகு அந்தத் தொகுப்பின் அமைவு நிரல் ஓடி அதைப் பயன்பாட்டுக்குத் தயாராக்குகிறது. ஒவ்வொரு தொகுப்பும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை டிபிகேஜி ஒரு நிலைக்கோப்பில் குறித்துக்கொண்டே வருவதால், இடையில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடம் அதற்குத் தெரியும். உங்களுக்கு வரும் பிழைச்செய்தியை முழுவதும் படித்துப் பாருங்கள். செய்ய வேண்டிய கட்டளையை அதுவே சொல்லியிருக்கும். "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" என்பதே அது. அது ஓடி முடிந்தபின் "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்" என்று இட்டால், சார்புத் தொகுப்புகளில் விடுபட்டவை நிரப்பப்படும். பத்தில் எட்டு முறை இவ்வளவுதான் வேலை என்பது என் அனுபவம்.

மீதமுள்ள இரண்டு முறைகளில், ஒரு குறிப்பிட்ட தொகுப்பின் பெயரைச் சொல்லி, அது மிகவும் சீர்கெட்ட நிலையில் இருக்கிறது, மறுபடி நிறுவ வேண்டும் என்று டிபிகேஜி நின்றுவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு வட்டில் முழுமையாகப் பதியாமல் காலியாகிப் போயிருப்பது இதற்கு ஒரு காரணம். அந்தத் தொகுப்பை மட்டும் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்" என்ற கட்டளைக்குப் பின் அதன் பெயரைக் கொடுத்து நிறுவுங்கள். நிலைக்கோப்பே சேதமாகியிருந்தால் கூட, அதன் முந்தைய பிரதிகள் "வார்" கோப்புறைக்குள் இருக்கும் "பேக்கப்ஸ்" கோப்புறையில் சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால் பதற வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. இரண்டு நிறுவல்கள் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுக்கும் பூட்டு கிடைக்கவில்லை என்று ஆப்ட் (தொகுப்புகளை இறக்கி டிபிகேஜியிடம் தரும் நிரல்) சொன்னால், பூட்டுக் கோப்பை அழித்துவிடும்படி பல இடங்களில் அறிவுரை கிடைக்கும். அதைக் கேட்காதீர்கள். பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்போ, மென்பொருள் அங்காடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலும் அந்தச் செய்தி வரும். எந்த இயக்கம் பூட்டைப் பிடித்திருக்கிறது என்பதை அதன் எண்ணுடன் அந்தச் செய்தியே குறிப்பிடும். சில நிமிடம் காத்திருந்தால் போதும். பூட்டை அழித்துவிட்டு இரண்டு நிறுவல்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டால், இப்போது இருப்பதைவிட மோசமான நிலைக்குப் போவீர்கள்.

அடுத்தது தொகுப்பு மூலங்கள். நிறுவும்போது இணையம் இல்லாததால், உங்கள் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் தொடக்கத்தில் சிடிராம் என்று தொடங்கும் வரி மட்டுமே இருந்திருக்க வேண்டும். அதன்மேல் நீங்கள் வேறு வரிகளை ஒட்டியிருக்கிறீர்கள். அந்தக் கோப்பு "ஈடிசி" கோப்புறைக்குள், "ஆப்ட்" கோப்புறையில் இருக்கிறது. அதன் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, திறந்து பாருங்கள். டெபியன் 12-இன் குறிப்பெயர் புக்வோர்ம். ஒவ்வொரு வரியிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். புல்ஸ்ஐ, டிரிக்ஸி, சிட் போன்ற வேறு வெளியீட்டுப் பெயர்களோ, உபுண்டுவின் முகவரிகளோ கலந்திருந்தால் அவற்றை நீக்கிவிடுங்கள். ஒரு வெளியீட்டின் அடிப்படை நூலகங்களோடு மற்றொன்றின் தொகுப்புகள் கலந்தால் விளையும் பிழைகளுக்கு அளவே இல்லை. சிடிராம் வரியின் முன் ஒரு ஹாஷ் குறியிட்டு அதைச் செயலிழக்கச் செய்யுங்கள்; இல்லாவிட்டால் வட்டைச் செருகு என்று ஆப்ட் கேட்டுக்கொண்டே இருக்கும்.

டெப்.டெபியன்.ஆர்க் முகவரியுள்ள முதன்மை வரியின் இறுதியில் மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ, நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற நான்கு பிரிவுகளும் இருக்க வேண்டும். இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். 2022-ஆம் ஆண்டு டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி, கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர்களையும் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அவ்வாறு வெளியான முதல் பதிப்பு. ஆகவே, இப்போது எல்லா வைஃபையும் தானாக இயங்கும் என்ற எண்ணம் பரவிவிட்டது. ஃபர்ம்வேர் என்பது சில்லுக்குள் ஓடும் நிரல். டிரைவர் என்பது இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் நிரல். அந்த முடிவு முன்னதற்கு மட்டுமே பொருந்தும். உரிமம் மூடப்பட்ட டிரைவர்கள் இன்னமும் நான்-ஃப்ரீ பிரிவில்தான் இருக்கின்றன, அந்தப் பிரிவு நீங்கள் சேர்க்காமல் தானாகச் சேராது. வரிகளைத் திருத்தியபின், கைபேசியை இணைத்து அதன் யூஎஸ்பி டெதரிங் வசதியை இயக்கி, "சூடோ ஆப்ட் அப்டேட்" கொடுங்கள். அது கம்பிவழி இணைப்பாகவே கணினிக்குத் தெரியும் என்பதால் தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது.

வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லத்தக்கதாகவில்லை என்று ஆப்ட் சொன்னால் குழம்ப வேண்டாம். உங்கள் கணினியின் கடிகாரம் பின்னால் ஓடுகிறது என்று பொருள். பழைய மடிக்கணினிகளில் தாய்ப்பலகையின் சிறு பேட்டரி செயலிழந்து, ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதி பின்னோக்கிப் போய்விடும். இணையம் கிடைத்த சில நிமிடங்களில் நேரம் தானாகச் சரியாகிவிடும்; "டைம்டேட்சிடிஎல்" என்று இட்டுப் பார்த்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

இப்போது வைஃபைக்கு வரலாம். டிரைவரைத் தேடும் முன், உள்ளே இருக்கும் சில்லு எது என்பதைக் கணினியிடமே கேட்க வேண்டும். மடிக்கணினியின் மாடல் எண்ணை வைத்துத் தேடுவதில் பயனில்லை; ஒரே மாடலில் வெவ்வேறு நிறுவனங்களின் வைஃபை அட்டைகள் பொருத்தப்பட்டு வருவது சாதாரணம். "எல்எஸ்பிசிஐ -என்என்கே" என்று இட்டு, நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற சொற்கள் உள்ள பகுதியைப் பாருங்கள். அதன் இறுதியில் சதுர அடைப்புக்குறிக்குள், முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது நிறுவனத்தையும் இரண்டாவது சில்லையும் குறிக்கும். முதல் எண் 8086 என்றால் இன்டெல். 10ஈசி என்றால் ரியல்டெக். 14ஈ4 என்றால் பிராட்காம். (ஈ, சி என்பவை பதினாறடிமான எண்முறையின் ஆங்கில எழுத்துகள்.) அதன் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருந்தால், எந்த டிரைவர் அந்தச் சில்லைக் கையாளுகிறது என்பதும் தெரியும்.

இன்டெல் அல்லது ரியல்டெக் என்றால், டிரைவர் பெரும்பாலும் கர்னலிலேயே இருக்கும். ஃபர்ம்வேர் மட்டும் விடுபட்டிருக்கலாம். "சூடோ டிஎம்இஎஸ்ஜி" வெளியீட்டில் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று ஒரு வரி இருக்கும். அந்த -2 என்பதற்கு, கோப்பு காணவில்லை என்பதைத் தவிர வேறு பொருளில்லை. இன்டெலுக்கு ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ரியல்டெக்குக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக் என்ற தொகுப்பை நிறுவி மறுதொடக்கம் செய்தால் போதும்.

நிறுவலின்போதே வைஃபை தெரியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்களுடையது பிராட்காம் என்றே நான் ஊகிக்கிறேன். அதிலும் எல்லாச் சில்லுகளுக்கும் ஒரே மருந்து இல்லை. இரண்டாவது எண் 4727 என்றால் அது கர்னலில் உள்ள கட்டற்ற பிஆர்சிஎம்எஸ்மேக் டிரைவரில் இயங்கும். 4315 என்றால் பி43 என்ற டிரைவரும், கான்ட்ரிப் பிரிவில் உள்ள ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் தொகுப்பும் வேண்டும். 4365 என்றால், அதாவது பிசிஎம்43142 என்றால், டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவரைத் தவிர வேறு வழியில்லை. இந்தச் சில்லில் பிசிஎம்ஏ என்ற கர்னல் நிரல் பயன்பாட்டில் இருப்பதாக எல்எஸ்பிசிஐ காட்டக்கூடும்; அது சில்லைத் தொட்டுவிட்டது என்றாலும் வைஃபையை இயக்கத் தெரியாது, ஏமாந்துவிடாதீர்கள்.

டபிள்யூஎல் டிரைவரை பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் என்ற தொகுப்பு தருகிறது. டிகேஎம்எஸ் என்பது, டிரைவரின் மூலநிரலை உங்கள் கணினியிலேயே, உங்கள் கர்னலுக்கு ஏற்றவாறு தொகுத்துத் தரும் ஏற்பாடு. அதற்குக் கர்னலின் ஹெடர் கோப்புகள் வேண்டும் என்பதால், "சூடோ ஆப்ட் இன்ஸ்டால்" என்பதன் பின் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற தொகுப்பின் பெயரையும் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் என்ற பெயரையும் சேர்த்தே கொடுங்கள். குறிப்பிட்ட கர்னல் எண்ணுக்குரிய ஹெடர் தொகுப்பை நிறுவும்படி சொல்லும் குறிப்புகளும் உண்டு. அது இன்றைக்கு வேலை செய்யும், அடுத்த கர்னல் புதுப்பிப்பு வந்த மறுநாள் வைஃபை காணாமல் போகும். பொதுத் தொகுப்பை நிறுவியிருந்தால் புதிய கர்னலுடன் புதிய ஹெடர்களும் வந்துசேரும். நிறுவியபின் "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" என்று இட்டால், "யூநேம் -ஆர்" காட்டும் அதே கர்னல் எண்ணுக்கு எதிரே இன்ஸ்டால்ட் என்று இருக்க வேண்டும்.

மறுதொடக்கம் செய்த பிறகும் வைஃபை வரவில்லை என்றால், "சூடோ மாட்ப்ரோப் டபிள்யூஎல்" என்று இட்டு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். சாவி நிராகரிக்கப்பட்டது என்று வந்தால் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருக்கிறது, கையொப்பமிடப்படாததாகவோ அறிமுகமில்லாத கையொப்பத்துடனோ வரும் டிரைவரைக் கர்னல் ஏற்க மறுக்கிறது என்று பொருள். விண்டோஸ் 8-உடன் வந்த மடிக்கணினிகள் தொடங்கி இந்த ஏற்பாடு பரவலாக இருக்கிறது. பயாஸில் அதை அணைத்துவிடுவது ஒரு நிமிட வேலை. பெரும்பாலோர் அதையே செய்கிறார்கள், உங்கள் கணினி வீட்டிலேயே இருப்பதானால் அதில் பெரிய தவறுமில்லை. ஆனால் அதை அணைக்காமலே செல்லும் வழி கடினமானதன்று. டெபியன் 12-இல் டிகேஎம்எஸ் தானே ஒரு சாவியை உருவாக்கி டிரைவரில் கையொப்பமிட்டுவிடுகிறது. அந்தச் சாவியைக் கணினிக்கு அறிமுகப்படுத்துவது மட்டுமே பாக்கி. "சூடோ மோக்யுட்டில் --இம்போர்ட்" என்று எழுதி, "வார்" கோப்புறைக்குள் "லிப்", அதற்குள் "டிகேஎம்எஸ்" கோப்புறையில் இருக்கும் மோக்.பப் கோப்பின் பாதையைக் கொடுங்கள். அது ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். ஒருமுறை மட்டுமே பயன்படும் என்பதால் எளிதானதாக வைத்துக்கொள்ளலாம். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று சில விநாடிகள் மட்டும் காத்திருக்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்த நேரத்தில் தேநீர் எடுக்கப் போய்விட்டால், இறக்குமதிக் கட்டளையை மறுபடி இட வேண்டியிருக்கும்.

டிரைவர் ஏறியும் வலைப்பின்னல்கள் தெரியவில்லை என்றால் "சூடோ ஆர்எஃப்கில் லிஸ்ட்" பாருங்கள். மென்தடை இருந்தால் "சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை" என்பது நீக்கிவிடும். வன்தடை இருந்தால் மடிக்கணினியின் ஓரத்தில் இருக்கும் பொத்தானையோ விசைப்பலகையின் விமானப்பட விசையையோ தேட வேண்டும், கட்டளையால் பயனில்லை. எல்லாம் சரியாக இருந்து, மற்றவர்களின் வலைப்பின்னல்கள் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால், ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்புகிறதா என்று பாருங்கள். பிசிஎம்43142 சில்லுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். அதற்கு எந்த டிரைவரும் பரிகாரமாகாது. 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டும் என்றால், மீடியாடெக் எம்டி7612யூ சில்லுள்ள யூஎஸ்பி வைஃபை கருவி ஒன்றைப் பொருத்துங்கள். அதன் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ தொகுப்பு மட்டும் வேண்டும். அதன்பின் பிராட்காம் தொகுப்பை நீக்கிவிடலாம், கர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் தொகுத்து முடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.