தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் மொழி என்கிறார்களே, ஆப்பிரிகான்ஸில் வாய்விட்டுச் சிரிக்க நாடகம் ஏதாவது உண்டா?

உண்டு. வேலைக்காகக் கேப் டவுன் போகிறவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். நான் அங்கே மூன்று வருடம் இருந்தவன்.

இந்த மொழியைப் பள்ளியில் திணித்ததை எதிர்த்துத்தான் 1976 ஜூன் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பர் குடியிருப்பான சொவேட்டோவின் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள், சுடப்பட்டார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆப்பிரிகான்ஸைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள். ‘அடக்கினவன் மொழிக்கு வக்காலத்தா’ என்று சண்டைக்கு வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வரட்டும்.

என் பக்கத்து வீட்டம்மா அந்தப் பாதியைச் சேர்ந்தவர். டன்னி என்று கூப்பிடுவேன். நம் ஊரில் அத்தை என்பதுபோல, வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படி அழைக்கலாம். 1971இல் கேப் டவுனில் நிக்கோ மலான் அரங்கத்தைத் திறந்தபோது வெள்ளையருக்கு மட்டும் என்றார்கள். 1975 வரை அப்படித்தான். இடையில் 1972இல் ‘ஸ்பேஸ்’ என்ற சின்ன அரங்கம் வந்தது. நிறப் பிரிவினைச் சட்டத்தில் மாட்டாமலிருக்க உறுப்பினர் சங்கம் என்று காட்டி, எல்லா நிறத்தாரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். டன்னி முதன்முதலில் நாடகம் பார்த்தது அங்கேதான்.

ஸ்பேஸில் வளர்ந்தவர்களில் ஒருவர் நாடக ஆசிரியர் பீட்டர் டிர்க் எய்ஸ். ‘அதே பழைய கதை’ என்று பொருள்படும் அவருடைய ‘செல்ல ஓ ஸ்டோரி’ நாடகத்தைத் தணிக்கைக்காரர்கள் தடை செய்தார்கள். அவர் நிறுத்தவில்லை. அப்புறம் வந்ததுதான் ‘டி ஃபான் ஆர்டஸ் ஃபான் க்ரூட்டூர்’. தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சியே 1976இல்தான் வந்தது. அதுவரை வானொலித் தொடர்தான் வீட்டுக்கு வீடு. அந்தத் தொடர்களை நையாண்டி செய்யும் நாடகம் இது. க்ரூட்டூர் என்றால் பெருங்காது! ஆரம்பிக்கிறவர்கள் இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அவருக்கு டார்லிங் என்ற சிற்றூரில், பழைய ரயில் நிலையத்தில் சொந்த அரங்கம் இருக்கிறது. (எங்கள் ஊரில் நகராட்சி மண்டபத்தைப் புடவைக் கண்காட்சிக்குத்தான் விடுகிறார்கள். நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க நாங்கள் மொட்டை மாடி தேடி அலைகிறோம். வயிறு எரிகிறது.) டன்னி ஒருநாள் என்னை அங்கே கூட்டிப்போனார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காதில் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார். கூட்டம் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வரும். உடனே அவர் எனக்காக இன்னொரு முறை சிரிப்பார்.

திரும்பி வரும்போது காரில் அந்தக் கால வானொலிக் கதாநாயகி மாதிரி குரலை இழுத்துப் பேசிக் காட்டினார். எல்லாத் தொடரும் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருடைய அம்மா ஒரு வெள்ளைக்கார வீட்டில் வேலை பார்த்தாராம். வானொலி கூடத்தில். அம்மா சமையலறையில் துணி தேய்த்தபடி கேட்பார். ராத்திரி வீட்டுக்கு வந்து, அன்றைய பகுதியை ஒரு வரி விடாமல் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுவாராம்.